சோளத்துடன் பயறும் விதைப்போம்

சங்கத்தில் பயிர்க்கடன் பெறும் அங்கத்தினர் பலர், கடனில் ஒரு பகுதியை உரமாகவே பெறுகின்றனர். அவ்வுரம் பயிரைச் சேர்ந்தால் விளைச்சலாகிக் கடனை அடைக்கும். சேராவிடின் உரம் மறைந்துவிடும். கடன் மட்டும் நிற்கும். ஆகவே தழைச்சத்து நிலத்தை விட்டு எங்ஙனம் வெளியேறுகிறது என்பதை ஒவ்வோர் அங்கத்தினரும் அறிதல் நலம்.

45 கிலோ யூரியா மூட்டையில் ஏறக்குறைய 20 கிலோ 700 கிராம் தழைச்சத்து உண்டு. மண்ணில் இது நைட்ரேட்டாக மாறுகிறது. நைட்ரேட்டைப் பிடித்து வைக்கும் ஆற்றல் களிமண்ணுக்கும் இல்லை. பெருமழையில் அது நீரோடு வேருக்கு எட்டாத ஆழத்திற்கு இறங்கிவிடுகிறது. மண்ணால் மூடாது தூவிய யூரியாவில் ஒரு பகுதி அம்மோனியாவாகிக் காற்றில் கலக்கிறது. சுண்ணாம்பு மிகுந்த நிலங்களில் இவ்விழப்பு அதிகம்.

பயறு செய்யும் பணி

பயறுகளின் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயிருக்கேற்ற சத்தாக மாற்றுகின்றன. ஜெர்மானிய அறிஞர்களான ஹெல்ரீகல், வில்ஃபார்த் இருவரும் இவ்வுண்மையை 1888-ல் விரிவாக வெளியிட்டனர்.

சோளமும் தட்டைப்பயறும் கலந்து நிற்குமிடத்தில், சோளத்தின் வேர் மண்ணிலுள்ள நைட்ரேட்டை விரைந்து உறிஞ்சுகிறது. அது குறையக் குறையப் பயறு காற்றிலுள்ள நைட்ரஜனையே மிகுதியும் நாடுகிறது. ஆதலால் இரண்டிற்கும் போட்டி குறைகிறது. மழையில் கரைந்தோடுவதற்கு எஞ்சுவதும் குறைகிறது. தட்டைப்பயறுக்குப் பதிலாகத் துவரையை விதைத்தால், சோள அறுவடைக்குப் பின்னும் அதன் ஆழ்ந்த வேர் கீழிறங்கிய சத்தைத் தேடி எடுக்கும்.

செய்முறை

1. மானாவாரியில் இரண்டு வரிசைச் சோளத்திற்கு ஒரு வரிசைப் பயறு விதைக்கலாம்.

2. ஒரு ஹெக்டேருக்கு வேண்டிய பயறு விதையுடன், 200 கிராம் கொண்ட ரைசோபியம் பொட்டலங்கள் மூன்றை ஆறிய அரிசிக் கஞ்சியில் கரைத்துக் கலந்து, நிழலில் உலர்த்தி விதைக்க வேண்டும். பூசணக்கொல்லி கலந்த விதையாயின் 24 மணி நேரம் கழித்தே இதனைக் கலத்தல் வேண்டும்.

3. யூரியாவைச் சோள வரிசையின் ஓரத்தில் இட்டு மண்ணால் மூடுக. பயறுக்கு யூரியா மிகுந்தால் வேர்முடிச்சுகள் குறையும்.

4. பயற்றஞ்செடியை வேரோடு பிடுங்காது அறுத்தெடுங்கள். வேரும் உதிர்ந்த இலையும் நிலத்திற்கே உரியவை.

ஓர் எச்சரிக்கை: பயறு திரட்டிய சத்தில் பெரும்பகுதி பருப்புடன் வீட்டுக்கு வந்துவிடுகிறது. எனவே பயறு விதைத்த காரணத்தால் மட்டும் சோளத்திற்கு உரமிடுவதை அடியோடு நிறுத்தலாகாது. மண்ணைப் பரிசோதித்து அதற்கேற்ப அளவைக் குறைப்பதே முறை.

பயறு பூக்கும் தருணத்தில் இரண்டொரு செடிகளைத் தோண்டி, வேர்முடிச்சைக் கீறிப் பாருங்கள். உட்புறம் இளஞ்சிவப்பாயிருந்தால் நுண்ணுயிர்கள் நன்கு உழைக்கின்றன. வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் உழைக்கவில்லை. இதைப் பார்த்தறிந்த பின் அடுத்த பருவத்திற்கு எத்தனை மூட்டை உரம் வேண்டுமெனச் சங்கத்தில் எழுதிக் கொடுங்கள். வீணாகாத ஒவ்வொரு மூட்டையும் வாங்காத கடனுக்குச் சமம்.