காதுக்குள் திடீர் இரைச்சலா? முதல் மூன்று நாளை வீணாக்காதீர்கள்

ஐப்பசி மழை விட்ட ஒரு ராத்திரி. மழை நின்றும் பீலியில் தண்ணீர் ஊற்றும் சத்தம் நிற்கவில்லை. யாரோ திறந்து போட்டுவிட்டுப் படுத்துவிட்டார்கள் என்று நினைத்து, கம்பளியைப் போர்த்திக்கொண்டு டார்ச்சோடு வெளியே போனேன். பீலி அடைத்துத்தான் இருந்தது. வாசலில் நின்று வலது காதைப் பொத்தினேன். சத்தம் குறையவில்லை, கூடியது. தண்ணீர் என் காதுக்குள்தான் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலையில் வெள்ளைப்பூண்டு காய்ச்சிய எண்ணெய் ஊற்றிக்கொண்டேன். மூன்றாம் நாள் காது முழுக்க அடைத்துவிட்டது. கடைசியில் பார்த்தால் குறும்பிதான். ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள், இரைச்சலும் போய்விட்டது. எனக்குக் குறும்பியாக இருந்தது அதிர்ஷ்டம். எல்லோருக்கும் அப்படி அமையாது. இலங்கையின் கொட்டகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் இருக்கும் நம் ஆட்களை மனதில் வைத்து, தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

1. இரைச்சலை விட்டுவிட்டு, காது கேட்கிறதா என்று முதலில் பாருங்கள். போனை ஒரு காதில் வைத்துக் கேளுங்கள், பிறகு மற்றக் காதில். காதருகே விரல்களைத் தேய்த்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவு கேட்டால் பதற்றம் வேண்டாம். ஒரு பக்கம் மங்கிக் கேட்டால் அடுத்த குறிப்பை உடனே செய்யுங்கள்.

2. வாயை மூடிக்கொண்டு "ம்ம்ம்" என்று நீட்டி முனகுங்கள். அந்த முனகல் எந்தக் காதில் பலமாகக் கேட்கிறது? மங்கிய காதிலேயே பலமாகக் கேட்டால், குறும்பி, சளி, நீர் என்று ஏதோ வழியை அடைத்திருக்க வாய்ப்பு அதிகம். நல்ல காதுப் பக்கம் சாய்ந்து கேட்டால் உள்காதோ நரம்போ பாதிக்கப்பட்டிருக்கலாம். வைத்தியர்கள் இசைக்கவையை நெற்றியில் வைத்துப் பார்ப்பதும் இதே கணக்குத்தான். இது முடிவான பரிசோதனை இல்லை. எவ்வளவு அவசரமாகக் கிளம்ப வேண்டும் என்பதற்கு ஒரு துப்பு, அவ்வளவே.

3. சில மணி நேரத்திலோ இரண்டு மூன்று நாளுக்குள்ளோ ஒரு காது மங்கி, கூடவே இரைச்சலும் வந்தால் அது அவசர நோய். உள்காது திடீரென்று செயலிழக்கும் இந்த நிலைக்கு ஸ்டீராய்டு மருந்து கொடுப்பார்கள். எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. முதல் சில நாட்களே சிறந்த நேரம். இரண்டு வாரம் தாண்டினால் பலன் வெகுவாகக் குறையும். "சளி இறங்கினால் சரியாகிவிடும்", "சம்பளம் வரட்டும்" என்று தள்ளிப்போடுவதில்தான் நம் காதுகள் போகின்றன. ஒரு நாள் பேரும் கூலியும் போனால் போகட்டும். போன செவி திரும்பாமலே போகலாம்.

4. இரைச்சலோடு முகம் கோணினால், ஒரு கை கால் சோர்ந்தால், பேச்சு குழறினால், நிற்க முடியாமல் தலை சுற்றினால், அல்லது தலையில் அடிபட்ட பிறகு இரைச்சல் வந்தால் 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். "கொட்டகலை" என்று மட்டும் சொன்னால் லயத்தைக் கண்டுபிடிக்க முடியாது. தோட்டத்தின் பெயர், டிவிஷன், பக்கத்திலுள்ள கோயில் அல்லது பெக்டரி, வாகனம் எதுவரை வரும் என்பதையும் சொல்லுங்கள். ஒருவரை ரோட்டில் நிறுத்துங்கள்.

5. காதுக்குள் எதையும் ஊற்றாதீர்கள், எதையும் விடாதீர்கள். எண்ணெய், கொண்டை ஊசி, கோழி இறகு, பஞ்சுக் குச்சி எதுவுமே வேண்டாம். குச்சி குறும்பியை எடுப்பதில்லை, உள்ளே தள்ளி இறுக்குகிறது. செவிப்பறையில் ஓட்டை இருந்தால் எண்ணெய் நடுக்காதுக்குள் போய்விடும். ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. ராத்திரியில் பூச்சி புகுந்து உள்ளே துடித்தால், தலையைச் சாய்த்து இளஞ்சூடான தேங்காயெண்ணெய் சில சொட்டு விடலாம். பூச்சி செத்து வேதனை அடங்கும், பிறகு ஆஸ்பத்திரியில் எடுத்துக்கொள்ளலாம். முன்பு சீழ் வடிந்த காதென்றால் அதுவும் கூடாது.

6. சத்தம் "டுக்... டுக்..." என்று துடிப்பாக வருகிறதா? மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டு கேளுங்கள். நாடியோடு சேர்ந்து வந்தால் அது இரத்த ஓட்டத்தின் சத்தம். இரத்த அழுத்தம், தைரொயிட், இரத்தச்சோகை மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். கொழுந்து எடுக்கும் நம் பெண்களிடம் இரத்தச்சோகை அதிகம். மேட்டில் ஏறும்போது மூச்சு வாங்கினால், கண்ணிமைக்குள் வெளிறியிருந்தால் அதையும் சொல்லுங்கள். இந்த மூன்றிலும் குறை இல்லாமல், ஒரே பக்கம் துடிப்பு தொடர்ந்தால் நிபுணரைத்தான் பார்க்க வேண்டும்.

7. வீட்டிலுள்ள மாத்திரைகள், ஊசி போட்ட சீட்டுத் துண்டுகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். வலிக்காக அதிக அளவில் எடுத்த ஆஸ்பிரின், ஜென்டாமைசின், காசநோய்க்குப் போடும் ஸ்ட்ரெப்டோமைசின், மலேரியாவுக்கான குயினின் ஆகியவை காதைத் தொடக்கூடியவை. ஆனால் இருதயத்துக்கென்று தினமும் எடுக்கும் சிறிய ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். நிறுத்துவதா, மாற்றுவதா என்று வைத்தியர் சொல்லட்டும்.

8. பெக்டரியில் ரோலரும் டிரையரும் ஓடும் இடத்தில் நிற்பவர்கள், புல்வெட்டும் மெஷினைத் தோளில் மாட்டியவர்கள், திருவிழாவில் ஒலிபெருக்கிக்கு அருகே தப்படிப்பவர்கள் ஆகியோரின் இரைச்சலுக்கு அந்தச் சத்தமே காரணமாக இருக்கக்கூடும். 85 டெசிபல் சத்தத்தை ஒரு நாளில் 8 மணி நேரத்துக்கு மேல் காது தாங்காது. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகிவிடும். 100 டெசிபலுக்கு வரும்போது மிஞ்சுவது 15 நிமிடம். கை நீட்டினால் தொடும் தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் அந்த இடம் ஆபத்தானது. பஞ்சு பெரிதாகத் தடுக்காது. நுரை அடைப்பானை உருட்டி, காது மடலை மேலே இழுத்துக்கொண்டு செருகுங்கள். அதை வாங்கித் தரும்படி நிர்வாகத்திடம் கேட்பதில் தவறே இல்லை.

9. பல்லைக் கடிக்கும்போது, கழுத்தைத் திருப்பும்போது சத்தம் மாறுகிறதா? கூடைக் கயிறு தலையில் இழுத்து இழுத்துக் கழுத்து இறுகியவர்களுக்கு இது பொருந்தலாம். வைத்தியரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

10. தடிமனோடு கினிகத்தேனை வளைவுகளில் இறங்கும்போது காது அடைப்பது வேறு விஷயம். டொபி சப்புங்கள், எச்சிலை விழுங்குங்கள். சளி போனதும் பெரும்பாலும் சரியாகும்.

11. கொட்டகலை வைத்தியசாலையில் காட்டிவிட்டு, காது மூக்கு தொண்டை நிபுணரிடம் அனுப்பும்படி வாய்திறந்து கேளுங்கள். டிக்கோயா கிளங்கன், நுவரெலியா, கண்டி என்று எங்கே அனுப்பினாலும் அரசாங்க ஆஸ்பத்திரியில் பணம் கிடையாது. என்றைக்கு, எத்தனை மணிக்கு, எந்தக் காதில் தொடங்கியது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அங்கே தமிழ் தெரிந்தவர் இல்லாவிட்டால் சிங்களத்தில் இப்படிச் சொல்லுங்கள்: "கனே சத்தயக் எனவா" என்றால் காதில் சத்தம் வருகிறது. "கன எஹென்னே நே" என்றால் காது கேட்கவில்லை. இந்த இரண்டாவதை மறந்துவிடாதீர்கள். சத்தத்தை மட்டும் சொன்னால் விட்டமின் மாத்திரையோடு திருப்பி அனுப்பிவிடக்கூடும்.

12. எல்லாம் பார்த்தும் காரணம் அகப்படாமல் போகலாம். பலருக்கும் அப்படித்தான். செவியிலிருந்து வரும் செய்தி குறைந்ததும், வானொலியின் சத்தத்தைக் கூட்டுவதுபோல மூளை தன் பக்கத்தில் கூட்டிவைக்கிறது. கேட்பது அந்த இரைச்சல்தான். புத்தி பேதலிப்பும் இல்லை, பேய்க்குரலும் இல்லை. சிங்கமலைச் சுரங்கத்துக்குள் ரயில் ஊதுவது நமக்குக் கேட்டும் கேட்காமல் போய்விட்டதல்லவா? ஆபத்தில்லை என்று தெரிந்த சத்தத்தை மூளை மெல்ல மெல்ல ஓரம் கட்டும். அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம்.

13. ராத்திரிதான் கொடுமை. குளிரூரில் மின்விசிறியும் கிடையாது, நிசப்தத்தில் இரைச்சல் ஊதிப் பெருகும். ரேடியோவை மெதுவாக வையுங்கள், அல்லது போனில் மழைச் சத்தம் போடுங்கள். இரைச்சலை முழுக்க அமுக்காமல், அதைவிடச் சற்றே தாழ்வாக இருக்கட்டும். இயர்போன் வேண்டாம். தகரத்தில் மழை பெய்யும் நாளில் நன்றாகத் தூங்கிவிடுகிறேன் என்று பலர் சொல்வதற்குக் காரணம் இதுதான். தூக்கமே வராமல், வாழ்க்கை வெறுத்துப்போனால் அதையும் மறைக்காமல் வைத்தியரிடம் சொல்லுங்கள். அதற்கும் சிகிச்சை இருக்கிறது.

14. பிளேன்டீயை நிறுத்தினால் இரைச்சல் போகும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. காலையில் குடிக்கலாம். தூக்கம் கெடுமானால் பொழுது சாய்ந்தபின் வேண்டாம்.

உங்கள் லயத்தில் யாராவது "நேற்றிலிருந்து ஒரு காது கூவுது, சரியா கேட்கவும் மாட்டேங்குது" என்றால், எண்ணெய்ப் போத்தலைத் தேடாதீர்கள். கையைப் பிடித்து முதல் பஸ்ஸில் ஏற்றிவிடுங்கள்.