ஹெலிகொப்டர் வேண்டாம், தம்பி

அன்புள்ள தம்பி,

உங்கள் திரைக்கதையை ஒரே இருப்பில் வாசித்து முடித்தேன். 1990ஆம் ஆண்டு, இலங்கையின் கிழக்குக் கரை. மருதமுனைத் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை, நிந்தவூர்ப் பையன், பேசி முடித்த கலியாணம், நடுவில் சண்டை. நல்ல கதை. ஆனால் பாதிப் பக்கங்களைக் குண்டும் நெருப்பும் பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஹெலிகொப்டர் காட்சியைக் குறைந்த காசில் எப்படி எடுப்பது என்று வேறு கேட்டிருக்கிறீர்கள். அதற்காகவே 'கசபிளாங்கா'வைப் பார்க்கச் சொல்கிறேன்.

1942 நவம்பரில் நியூயோர்க்கில் முதலில் திரையிடப்பட்ட படம் அது. உலகப்போர் உச்சத்தில் இருந்த நேரம். ஆனாலும் கதை நடக்கும் மொரோக்கோ நகரத்தில் போர்க்களம் கிடையாது. நாசிகளுக்குத் தப்பி வந்தவர்கள் வெளியேறும் பத்திரத்துக்காகக் காத்துக் கிடக்கிறார்கள். விடுதிக்காரன் ரிக்கிடம் இரண்டு பேர் தப்பிப்போவதற்கான பத்திரம் இருக்கிறது. அவனுடைய பழைய காதலி இல்சா தன் கணவனோடு வந்து நிற்கிறாள். அந்தப் பத்திரத்தில் யார் போவது? இதுதான் படம். காதல் கதைகள் வழக்கமாக இருவரும் சேருவார்களா என்று கேட்கும். இந்தப் படமோ சேரக்கூடிய வாய்ப்பைக் கையில் கொடுத்துவிட்டு, அதை என்ன செய்யப்போகிறாய் என்று கேட்கிறது. எண்பது வருடம் கழித்தும் அது மனதைப் பிசைவதற்கு இதுதான் காரணம் என்பது என் எண்ணம்.

இன்னொரு காரணமும் உண்டு. அந்த விடுதியில் அகதியாக நடித்த பலர் உண்மையிலேயே அகதிகள். ஜெர்மானியரின் பாட்டுக்கு எதிராக எல்லோரும் எழுந்து பிரெஞ்சு தேசிய கீதம் பாடும் காட்சியில், கண்ணீரோடு ஒரு பெண் முகம் வரும். அவர் மாதலேன் லெபோ. ஜெர்மன் படை வருமுன் பிரான்ஸை விட்டுக் கணவரோடு லிஸ்பன் வழியாகத் தப்பியவர். நாசி அதிகாரியாக நடித்த கொன்ராட் வெய்ட், யூத மனைவியோடு ஜெர்மனியை விட்டு வெளியேறியவர். உங்கள் படத்தில் பின்னால் நிற்கும் முகங்களைத் தேடும்போது, 1990ஐக் கண்ட உம்மாமாரிடமும் மாமாமாரிடமும் போங்கள். அவர்கள் சும்மா உட்கார்ந்திருந்தாலே போதும்.

ஹெலிகொப்டருக்கு வருகிறேன். 'கசபிளாங்கா'வின் கடைசிக் காட்சியில் தூரத்தில் நிற்கும் விமானம் சிறிதாகச் செய்துவைத்த ஒரு மாதிரி. அது பெரிதாகத் தெரிவதற்காகப் பக்கத்தில் உயரம் குறைந்தவர்களை நிறுத்தினார்கள். மிச்சத்தைப் பனிமூட்டம் மறைத்தது. உங்களுக்கு அந்தச் சத்தமும், நிமிர்ந்து பார்க்கும் ஒரு முகமும் போதும்.

பாட்டும் அப்படித்தான். அந்தப் படத்தின் புகழ்பெற்ற காதல் பாட்டு 1931இலேயே வந்த பழைய பாட்டு. நீங்கள் ஏன் புதுப் பாட்டுக்கு ஸ்டூடியோ தேடுகிறீர்கள்? மச்சானைப் பிரிந்த மச்சி பாடும் கவிகள் நம் பக்கத்தில் எத்தனை! தறியில் இருக்கும் பிள்ளையின் உம்மம்மா வாத்தியம் எதுவுமில்லாமல் ஒரு கவியைச் சொல்லட்டும்.

பிரசன்ன விதானகேயின் 'ஒப நெதுவ ஒப எக்க' (2012) படத்தையும் தேடிப் பிடியுங்கள். தஸ்தயேவ்ஸ்கியின் கதையை நம் நாட்டுக்குக் கொண்டுவந்த படம். அடகு பிடிக்கும் ஒரு சிங்களவர், அவரைக் கட்டிய தமிழ்ப் பெண், அவர் முன்னாள் சிப்பாய் என்பது அவளுக்குத் தெரியவருவது. யுத்தம் முடிந்தபிறகும் அந்த வீட்டுக்குள்ளே அது முடியவில்லை.

இனி 'கசபிளாங்கா'வில் எனக்குப் பொறுக்காத ஒன்று. ஒரு முஸ்லிம் நகரத்தில் நடக்கும் கதையில் அந்த ஊர்க்காரர் யாருக்கும் சொந்தமாக ஒரு துக்கம் இல்லை. விடுதி வாசலில் அப்துல் என்று ஒருவன் நிற்பான், அவ்வளவுதான். ஊரே மற்றவர்களின் காதலுக்குத் திரைச்சீலையாகிவிட்டது. பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு குமைகிறது.

தம்பி, உங்கள் திரைக்கதையிலும் அது நடந்திருக்கிறது. நிந்தவூரிலிருந்து மருதமுனைக்குப் போகும் பையன் காரைதீவு, பாண்டிருப்பு என்ற தமிழ் ஊர்களைத் தாண்டவேண்டும். நம் கரையில் முஸ்லிம் ஊரும் தமிழ் ஊரும் மாறி மாறி ஒரே வீதியில் கிடக்கின்றன. அந்த நாளில் அடுத்த ஊரைத் தாண்டுவதுதான் நம்முடைய வெளியேறும் பத்திரம். அந்தப் பயம் ஒரு பக்கத்துக்கு மட்டும் உரியதல்ல. காரைதீவிலிருந்து கல்முனைக்குப் போக வேண்டியவருக்கு நடுவில் முஸ்லிம் ஊரான சாய்ந்தமருது இருந்தது. உங்கள் பையன் சைக்கிளோடு ஒதுங்கி நிற்கும் வீட்டில் வரும் தமிழ் அம்மாவுக்குப் பெயர்கூட இல்லை. தண்ணீர் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுகிறார்.

முதலில் அவருக்கு ஒரு பெயர் வையுங்கள். அவருடைய மகனும் அதே வீதியில், எதிர்ப்பக்கமாக, அன்றைக்கு எங்கேயோ போயிருக்கட்டும். குண்டுக் காட்சிகளை வெட்டினால் மிஞ்சும் பக்கங்களை இவர்களுக்குக் கொடுங்கள். எழுதி முடித்ததும் எனக்கு அனுப்புமுன், காரைதீவில் வயதான யாரிடமாவது வாசித்துக் காட்டுங்கள்.

அன்புடன்,
கல்முனையிலிருந்து உங்கள் காக்கா