நீர் விளையாட்டுகளும் குழந்தைகளின் பாதுகாப்பும்

தமிழகத்தை ஒட்டிய பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களில் பாசனத்திற்கும் மின்னுற்பத்திக்கும் அமைக்கப்பட்ட நீர்த்தேக்கங்கள் சுற்றுலாத் தலங்களாகவும் விளங்குகின்றன. மலம்புழை, மாட்டுப்பட்டி, தேக்கடி ஆகிய இடங்களில் படகுச் சவாரி குடும்பங்களை ஈர்க்கிறது. இத்தகைய நீர்நிலைகளில் குழந்தைகளின் பாதுகாப்பு தனிக் கவனத்திற்கு உரியது.

இரு விபத்துகள்

2007 பிப்ரவரி 20 அன்று, இடுக்கியை அடுத்த தட்டேக்காட்டில் பெரியாற்றில் படகு மூழ்கியதில் பள்ளி மாணவர் 15 பேரும் ஆசிரியர் 3 பேரும் இறந்தனர். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டனர். பயணிகள் உயிர்காப்பு அங்கி அணிந்திருக்கவில்லை.

இழுவை விளையாட்டின் இயல்பு

விசைப்படகின் பின்னே கயிற்றால் கட்டிய காற்று மிதவையிலோ பலகையிலோ செல்வது இழுவை விளையாட்டு எனப்படும். இதில் நீரில் மூழ்கும் ஆபத்துடன் வேகத்தின் ஆபத்தும் சேர்கிறது. படகு திரும்பும்போது மிதவை வெளிப்புறமாக வீசப்பட்டு, படகினும் விரைந்து செல்லும். வேகத்தில் விழுபவருக்கு நீர்ப்பரப்பே கடினமான தளம்போல் ஆகிவிடும். குழந்தைகளுக்குத் தலை, உடலை நோக்கப் பெரிது. கழுத்துத் தசைகளோ வலுக்குறைந்தவை. எனவே தலைக்காயம், கழுத்துச் சுளுக்கு, எலும்பு முறிவு ஆகியன நேரலாம். ஒரே மிதவையில் இருப்போர் ஒருவரோடொருவர் மோதுவதும், கயிறு கைவிரல்களைச் சுற்றி இறுக்குவதும் உண்டு. என்ஜினின் சுழல்விசிறி உண்டாக்கும் காயமே மிகக் கொடியது.

தடுப்பு முறைகள்

1. உயிர்காப்பு அங்கி குழந்தையின் எடைக்கு ஏற்றதாக இருத்தல் வேண்டும். தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கும்போது அங்கி முகவாய்க்கு மேல் ஏறினால் அது பொருந்தாது.
2. நீந்தத் தெரியாத சிறுவரையும், கைப்பிடியை உறுதியாகப் பற்ற இயலாதவரையும் அனுமதித்தல் கூடாது.
3. ஓட்டுநரைத் தவிர, மிதவையை மட்டுமே கவனிக்கும் ஒருவர் படகில் இருக்க வேண்டும். அமெரிக்காவின் பல மாநிலங்களில் இது சட்டமாகவே உள்ளது.
4. கரை, பாறை, பிற படகுகள் ஆகியவற்றிலிருந்து விலகி, மிதமான வேகத்தில் செல்லுதல் நன்று. கூர்மையான திருப்பங்கள் ஆகா.
5. விழுந்தவரை ஏற்றும்போது என்ஜினை முழுமையாக நிறுத்த வேண்டும்.

காயமுற்ற குழந்தையின் கழுத்தை அசைக்காமல் தாங்கிக் கரை சேர்த்தல் வேண்டும். மூச்சு நின்றிருப்பின், வயிற்றை அழுத்தி நீரை வெளியேற்ற முயலாமல், உடனே வாய்வழி மூச்சூட்டலும் மார்பு அழுத்தமும் தொடங்கி, 108 ஊர்தியை அழைத்தல் அவசியம்.

பொறுப்பு யாருடையது?

1917-ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு மாற்றாக வந்த 2021-ஆம் ஆண்டு உள்நாட்டுக் கலங்கள் சட்டம், படகுகளின் பதிவையும் தகுதிச் சோதனையையும் வலியுறுத்துகிறது. எனினும் சான்றிதழ் மட்டும் குழந்தையைக் காவாது. மிதவையில் அமர்ந்த குழந்தையால் வேகத்தையோ திசையையோ மாற்ற இயலாது. அவை ஓட்டுநர் கையில் உள்ளன. ஆகவே படகுத்துறையிலேயே அங்கியையும் ஆள் எண்ணிக்கையையும் சரிபார்த்து, குறையிருப்பின் சவாரியை மறுக்கும் உறுதி அலுவலருக்கும் பெற்றோருக்கும் இருத்தல் இன்றியமையாதது.