பாடும் கௌபாய்ப் படங்கள்: நகைப்பும் நயப்பும்

மலிவுச் சரக்கு என்று ஒதுக்கப்படும் படங்களிலும் ஒரு காலத்தின் நெஞ்சம் பதிந்திருக்கும் என்பதற்கு அமெரிக்காவின் பாடும் கௌபாய்ப் படங்களே சான்று. ஜீன் ஆட்ரி, ராய் ரோஜர்ஸ் ஆகியோரை நாயகர்களாக்கி, ரிபப்ளிக் நிறுவனம் குறைந்த செலவில், ஏறத்தாழ ஒரு மணி நேரமே ஓடும் படங்களை எடுத்துக் குவித்தது.

குறைகள் வெளிப்படை. துப்பாக்கிச் சண்டை ஓய்ந்ததும், சட்டை கசங்காத நாயகன் கிதாரை மீட்டத் தொடங்குவான். 1935-இல் வெளிவந்த 'தி பேண்டம் எம்பயர்' தொடரிலோ, பூமிக்கடியிலுள்ள மறைநாட்டில் சிக்கிய ஆட்ரி, ஒப்பந்தப்படி வானொலியில் பாட மேலே வந்தாக வேண்டும்! அறிவியல் பயிலும் நான் விழுந்து விழுந்து சிரித்தேன். ஆயினும் அடுத்த பகுதியையும் விடாமல் பார்த்தேன். ஏன்?

விடை, 1938-இல் வந்த 'அண்டர் வெஸ்டர்ன் ஸ்டார்ஸ்' படத்தில் கிடைத்தது. நிலம் புழுதியாகிப் போன மக்களுக்குத் தண்ணீர் வேண்டி, ரோஜர்ஸ் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினராகிறார். பொருளாதார மந்தத்தாலும் வறட்சியாலும் நாடே நொந்திருந்த காலம் அது. அத்துயரைத் திரை மறைக்கவில்லை; பாட்டோடு சொல்லிற்று. ஆனால் ஒரு மணி நேரத்தில் தீர்த்தும் வைத்தது. உண்மை வறட்சி அவ்வளவு எளிதில் தீரவில்லை அன்றோ?

ஆறுதல் நல்லதே, நோயே தீர்ந்தது என்று நம்பினால் அது மயக்கமாகும். ஆகவே நண்பர்களே, இப்படங்களை எள்ளவும் வேண்டா. அப்படியே ஏற்கவும் வேண்டா. பாட்டைச் சுவைப்போம், அது எந்தத் துயரை ஆற்ற எழுந்தது என்பதையும் ஆராய்வோம்.