காப்புக் கொத்திலிருந்து பொங்கல் பாடம்

பொங்கல் பாடம் என்றதும் போகி, தைப்பொங்கல், மாட்டுப்பொங்கல், காணும்பொங்கல் என்று நான்கு பெயர்களைக் கரும்பலகையில் எழுதித் தொடங்குவது நம் வழக்கம். திருப்பூர்ப் பகுதிக்கு அது அவ்வளவு பொருந்தவில்லை. இங்கே மார்கழிக் கடைசி நாளில் பழையதைக் கொளுத்துவதைவிடக் காப்புக் கட்டுவதே முக்கியம். வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் கொத்தாக்கி வீட்டு வாசல், மாட்டுக் கொட்டகை, தோட்டம் எங்கும் செருகுவார்கள்.

ஆறாம் வகுப்பில் இந்தக் கொத்தைக் கையில் கொடுத்தே பாடத்தைத் தொடங்குகிறேன். ஆவாரையும் பூளையும் மழை குறைந்த மேட்டு நிலத்துச் செடிகள். காவிரிப் படுகையில் புதுநெல் பொங்கலின் மையம் என்றால், காங்கேயம் பக்கத்துப் புன்செய்க்காரருக்குக் கால்நடையே மையம். பட்டிப் பொங்கலன்று தொழுவத்தில் சிறிய தெப்பக்குளம் கட்டி நீர் நிரப்பி, வழிபாடு முடிந்ததும் மாட்டை அதில் மிதிக்க விடுவார்கள். அடுத்து பூப்பறிக்கும் நோம்பி. பெண்கள் கூடி ஆவாரம்பூப் பறித்துக் கும்மியடிப்பார்கள். 'நோன்பு' கொங்கில் 'நோம்பி'யாகி, பண்டிகை என்றே பொருள் பெற்றுவிட்டது. மாணவர் அப்படி எழுதினால் சிவப்பு மை வேண்டாம்.

பனியன் கம்பெனி வேலைக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகளையும் கேட்கிறேன். பீகார்ப் பிள்ளைகள் தயிரும் அவலும் எள் இனிப்பும் என்பார்கள். ஒடிசாப் பிள்ளைகள் புத்தரிசியில் வெல்லமும் தேங்காயும் கலந்த மகர சாவுளா என்பார்கள். எல்லாம் ஏன் ஜனவரி நடுவில்? ஞாயிறு மகர ராசியில் புகும் நாள் அது.

அன்றே ஞாயிறு வடக்கே திரும்புகிறது என்று பலரும் கற்பிக்கிறோம். உண்மையில் அது டிசம்பர் 21 அல்லது 22. ஏறத்தாழ 1,700 ஆண்டுகளுக்கு முன் இரண்டும் ஒரே நாளில் வந்தன. புவியின் அச்சு மெல்லச் சுழல்வதால், விண்மீன்களைக் கொண்டு கணிக்கும் நம் மாதங்கள் சுமார் 72 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் விலகிவிட்டன. இதை முற்றத்திலேயே காட்டலாம். ஒரு மீட்டர் குச்சியை நேராக நட்டு, நண்பகலில் நிழல் மிகக் குறுகும்போது அளக்க வேண்டும். நம் ஊரில் டிசம்பர் 21இல் சுமார் 69 செ.மீ.; பொங்கலுக்கு முந்தைய பள்ளி நாளில் 64 செ.மீ. அளவில் வரும். திருப்பம் ஏற்கெனவே நடந்துவிட்டதைப் பிள்ளைகளே கண்டுகொள்வார்கள்.

விடுமுறை முடிந்து வந்ததும் ஒரு கேள்வி கேட்பேன்: காப்புக் கொத்து எங்கிருந்து வந்தது? கடையில் வாங்கினோம் என்பவர்களே மிகுதி. முன்பு பூளை எங்கே முளைத்தது என்று பாட்டியிடம் கேட்டுவரச் சொன்னால், வரும் விடைகளில் பல, இன்று கம்பெனியோ லைன் வீடோ நிற்கும் இடத்தையே காட்டுகின்றன.