எவ்வளவு எண்ணெய் வேண்டும்?



மத்தேயு 24-ஆம் அதிகாரத்தின் கடைசிப் பகுதியையும் 25-ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தையும் நாம் தனித்தனியாகவே வாசித்துப் பழகிவிட்டோம். இந்த மாதம் சேர்த்து வாசித்துப் பாருங்கள். முதல் உவமையில் ஒரு ஊழியக்காரன், எஜமான் இப்போதைக்கு வரமாட்டார் என்று கணக்குப் போடுகிறான். உடனே கை நீளுது. கூட வேலை செய்கிறவர்களை அடிக்கிறான், குடிக்கிறான். அடுத்த உவமையில் ஐந்து கன்னிகைகள் மணவாளன் இதோ வந்துடுவார் என்பதுபோல, தீவட்டியில் இருந்த எண்ணெயோடு புறப்பட்டுவிட்டார்கள். அவனைக் கெடுத்தது 'தாமதம்' என்ற எண்ணம், இவர்களைக் கெடுத்தது 'சீக்கிரம்' என்ற எண்ணம். தூங்கினது பத்துப் பேரும்தான், அதையும் கவனியுங்கள்.

அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்று ஒரு விவசாயி இருந்தார். நியூயார்க் மாநிலத்தில் லோ ஹாம்ப்டன் அவர் ஊர், பாப்டிஸ்ட் பிரசங்கியார். தானியேல் 8:14-இல் உள்ள 2300 நாட்களை வருஷங்களாக எடுத்து, கி.மு. 457-இலிருந்து எண்ணி, ஏறக்குறைய 1843-இல் வருகை என்றார். பரியாசக்காரர் அல்ல, வேதத்தை நேசித்த மனுஷர்தான். 'ஏறக்குறைய' என்று இருந்தவரை ஜனங்கள் பிரசங்கம் கேட்டார்கள், வீட்டுக்குப் போய் வயல் வேலையும் பார்த்தார்கள். ஆனால் 1844 ஆகஸ்டில் எக்ஸெட்டர் ஊரில் நடந்த கூடாரக் கூட்டத்தில் சாமுவேல் ஸ்னோ என்பவர் அக்டோபர் 22 என்று நாளையே குறித்துவிட்டார். அதன்பின் விளைந்த பயிரைச் சிலர் அறுக்காமல் விட்டார்கள், சிலர் கடையை மூடினார்கள். அந்த இரவு கடந்து பொழுது விடிந்தபோது அழுதவர்கள் ஏராளம்.

தேதி மனசில் விழுந்துவிட்டால் கண் பார்க்கிறதும் மாறிப்போகிறது. 1833 நவம்பரில் அங்கே எரிநட்சத்திரங்கள் மழைபோல் விழுந்தன. காத்திருந்தவர்களுக்கு அது முடிவின் அடையாளமாகவே தெரிந்தது. அதே எரிநட்சத்திர மழை 1866-இலும் 1966-இலும் கொட்டியது. வால்நட்சத்திரம் விட்டுச்சென்ற தூசிக்குள் பூமி நுழைவதால் ஏறக்குறைய 33 வருஷத்துக்கு ஒருமுறை அது பெருகும்.

பழைய கதைதானே என்று விடமுடியவில்லை. 2025 செப்டம்பர் 23, 24-இல் வருகை என்று தென் ஆப்பிரிக்காவிலிருந்து ஒருவர் சொன்ன வீடியோ நம் கைப்பேசிகளுக்கும் வந்ததே! ஒரு சகோதரர் என்னிடம், "பிரதர், மக நர்சிங் படிக்கிறா. ஃபீஸ் கட்டணுமா, இல்ல அந்தக் காசைக் காணிக்கையாப் போட்டுடலாமா?" என்று கேட்டார். வாஞ்சையோடுதான் கேட்டார். "நாளைக்கே போய்க் கட்டுங்கண்ணே" என்றேன். அந்தப் பிள்ளை அந்தத் தேதிக்கு மறுவாரம் பரீட்சை எழுதினாள்.

தெசலோனிக்கே சபைக்கும் இதே சோதனை வந்தது. கர்த்தருடைய நாள் வந்தாயிற்று என்ற பேச்சு அங்கே ஜனங்களைக் கலக்கிக்கொண்டிருந்தது. அதே நிருபத்தின் 3-ஆம் அதிகாரத்தில், வேலை செய்யாமல் சுற்றுகிறவர்களைப் பவுல் கண்டிக்கிறார். வருகையைப்பற்றி அத்தனை எழுதின அதே பவுல் அந்த ஊரில் இராப்பகலாய்க் கைவேலை செய்தவர் (1 தெச. 2:9).

புத்தியுள்ள ஐந்து பேரும் மணவாளன் எத்தனை மணிக்கு வருவார் என்று தெரிந்தவர்கள் அல்ல. தீவட்டியைக் கொளுத்தியும் வைத்திருந்தார்கள், பாத்திரத்தில் தனியே எண்ணெயும் எடுத்துப் போனார்கள். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு இந்தப் பகுதியை வாசித்துக்கொண்டு வாருங்கள். உங்கள் வீட்டில் அந்தத் தனிப் பாத்திரம் எது என்று ஆளுக்கு ஒன்றாவது சொல்லவேண்டும்.