முளைக்கு ஒரு வேலி

பாடம் 9

ஆடி மாதம். காரைக்கால் பக்கம் ஒரு சிற்றூர். வீட்டின் பின்னால் சிறிய கொல்லை.

ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள். அந்த வீட்டு மருமகளும் பட்டம் பார்த்துத்தான் விதைத்தாள். ஒரு பாத்தியில் தண்டுக்கீரை. இன்னொரு பாத்தியில் கத்தரி நாற்று. வேலி ஓரம் குழி எடுத்து அவரையும் சுரையும் ஊன்றினாள். விதை வாங்கிய பணம் மகளிர் குழுவில் எடுத்த கடன்.

எட்டாம் நாள் காலை. அவரை முளைகள் குழிக்கு வெளியே கிடந்தன. கீரைப் பாத்தியில் பாதி இடம் வெறும் மண். மருமகளுக்கு அழுகை வந்தது.

கணவனுக்குக் கோபம் வந்தது. "எல்லாம் இந்த மைனா செய்யும் வேலை. வயலுக்கு வாங்கிய குருணை மருந்து மிச்சம் இருக்கிறது. நொய்யில் கலந்து வைக்கிறேன். நாளைக்கு ஒரு குருவி வராது" என்றான்.

பொட்டலத்தை எடுத்து வந்தான். மருமகள் மாலை வகுப்பில் படித்தவள். பொட்டலத்தைப் பார்த்தாள். சாய்ந்த சதுரம் ஒன்று இருந்தது. அதன் மேல் பாதியில் மண்டை ஓடும் இரண்டு எலும்பும். கீழ்ப் பாதி முழுவதும் சிவப்பு. கூடவே ஒரு துண்டுத்தாள். அதைத் தமிழில் எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"வி-ஷ-ம். என்னங்க, இது விஷம்! குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கணும் என்று போட்டிருக்கு. நம் பிள்ளை நாள் முழுக்கக் கொல்லையில்தானே விளையாடுகிறான்?"

மாமியார் திண்ணையிலிருந்து எழுந்து வந்தார். "நொய்யைக் கண்டால் கோழி சும்மா இருக்குமா? அந்தக் கோழி முட்டையைத்தானே பிள்ளைக்குக் கொடுக்கிறோம்? விதை போனால் வேறு வாங்கலாம்ப்பா" என்றார்.

கணவன் பேசவில்லை. பொட்டலத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டினான். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினான்.

யார் தின்றது?

மறுநாள் விடியும் முன்பே மருமகள் கொல்லைக்குப் போனாள். மாமியாரும் கூட வந்தார். இருவரும் ஒவ்வொரு பாத்தியாகப் பார்த்தார்கள்.

அவரை முளையை இழுத்துப் போட்டது மைனாதான். ஆனால் கீரை விதையை அது தொடவில்லை. எறும்புகள் வரிசையாக விதையைத் தூக்கிப் போயின. கத்தரி இலையில் பெரிய ஓட்டைகள். பக்கத்தில் மண்ணின் மேல் பளபளப்பான கோடு. அது நத்தை போன தடம். இரண்டு கத்தரி நாற்று மண்ணை ஒட்டி அறுந்து கிடந்தன. மாமியார் அங்கே விரலால் கிளறினார். சுருண்டு கிடந்தது வெட்டுப்புழு. சுரைக் கன்றின் இலையைச் செம்மஞ்சள் நிற வண்டு கடித்துக்கொண்டிருந்தது.

"பார்த்தாயா? பழி முழுக்க மைனா மேல். தின்றது ஐந்து பேர்" என்றார் மாமியார்.

என்ன செய்தார்கள்?

மிச்சம் இருந்த விதையை மீண்டும் விதைத்தார்கள். இந்த முறை காவலும் சேர்த்துப் போட்டார்கள்.

பறவைக்கு: விதைத்ததும் பாத்திமேல் வைக்கோலை மெல்லப் பரப்பினார்கள். முளை தெரிந்ததும் மாலை வேளையில் அதை எடுத்தார்கள். எடுக்காமல் விட்டால் வெயில் படாமல் முளை வெளுத்து நீளும். பிறகு மூங்கில் பிளாச்சை வில்போல் வளைத்து ஊன்றினார்கள். அதன்மேல் பழைய கொசுவலையைப் போர்த்தினார்கள். வலையை இறுக்கிக் கட்டி, ஓரத்தில் மண் அணைத்தார்கள். வலை தொளதொள என்று கிடந்தால் குருவியும் ஓணானும் சிக்கிச் சாகும். அவரைக் குழியைச் சுற்றி முள் வைத்தார்கள். கோழி கிளறவில்லை.

எறும்புக்கு: பாத்தி ஓரத்தில் கோலமாவை இழைபோல் தூவினார் மாமியார். அது அரிசி மாவு. கல்மாவு உதவாது. எறும்பு மாவை எடுத்துப் போனது. விதை தப்பியது.

நத்தைக்கு: மாலையில் ஈரச் சாக்கை விரித்து வைத்தார்கள். காலையில் புரட்டினால் நத்தைகள் அடியில் இருந்தன. வெறுங்கையால் தொடாமல் காகிதத்தால் எடுத்து உப்பு நீரில் போட்டார்கள்.

வெட்டுப்புழுவுக்கு: பிளாஸ்டிக் பாட்டிலை வளையமாக வெட்டினார்கள். நட்ட கன்றைச் சுற்றி இரண்டு விரல் ஆழம் பதித்தார்கள்.

வண்டுக்கு: வெயில் ஏறும் முன் வண்டு மந்தமாக இருக்கும். அப்போது கையால் பிடித்தார்கள். பனி ஈரம் உள்ள இலையில் அடுப்புச் சாம்பலைத் தூவினார்கள். அதற்கும் அடங்காவிட்டால் வேப்பங்கொட்டைக் கரைசல் தெளிக்கலாம். இடித்த வேப்பம் பருப்பு 50 கிராம், தண்ணீர் 1 லிட்டர். இரவு முழுவதும் ஊறவைத்து வடிகட்ட வேண்டும். சிறிது சோப்புக் கரைத்து மாலையில் தெளிக்க வேண்டும்.

கன்று ஒரு சாண் வளர்ந்தது. தண்டு முற்றியது. வலையை எடுத்தார்கள். இப்போது மைனா வந்தது. கரிச்சானும் வந்தது. இரண்டும் புழுவைப் பொறுக்கித் தின்றன. கணவன் அவை உட்கார ஒரு குச்சி நட்டான்.

"விஷம் வைத்திருந்தால் இந்தக் காவல்காரன் இருக்க மாட்டான்" என்றான். மருமகள் சிரித்தாள். மடியில் பிள்ளை. கையில் முதல் பறிப்புக் கீரை.

தெரிந்துகொள்வோம்

பூச்சி மருந்துப் பொட்டலத்தில் நிற அடையாளம் இருக்க வேண்டும். 1971-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகள் அப்படிச் சொல்கின்றன.

சிவப்பு – மிகக் கொடிய விஷம்.
மஞ்சள் – கொடிய விஷம்.
நீலம் – நடுத்தர விஷம்.
பச்சை – குறைந்த விஷம். ஆனாலும் விஷமே.

யாராவது தவறி விழுங்கிவிட்டால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். பொட்டலத்தையும் எடுத்துச் செல்லுங்கள். மருத்துவர் அதைப் பார்த்து எந்த விஷம் என்று அறிவார்.

பேசுவோம்

1. கீரை விதையைத் தூக்கிப் போனது எது? எப்படித் தெரிந்தது?
2. முளை வந்ததும் வைக்கோலை ஏன் எடுக்க வேண்டும்?
3. நொய்யில் விஷம் கலந்து வைத்திருந்தால் என்னென்ன நடந்திருக்கும்?
4. உங்கள் ஊரில் முளையைக் காக்க என்ன செய்கிறார்கள்?

எழுதுவோம்

வலை, வைக்கோல், சாம்பல், விஷம், காவல்.
இந்தச் சொற்களை வைத்து ஐந்து வரி எழுதுங்கள்.